அமுக்கியது விரலுக்குத் தெரிய வேண்டும்

முந்தின வருஷத்து வேதப் போட்டி கையினால் கெட்டுப்போனது. பதில் தெரிந்தவர் கையைத் தூக்க வேண்டும் என்பது விதி. யார் கை முதலில் போனது என்று பார்ப்பதற்குத்தான் விதி எதுவும் கிடையாது. கேள்வி கேட்கிறவர் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் கை போயிருக்கும். எங்கள் தெருப் பெண்ணொருத்தியும், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வந்த டீச்சரும் மைக்கை வைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள்.

"ஏங் கை மேல போனப்ப ஒங்க கை முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு இருந்துச்சு டீச்சர்."

"அப்ப நீ கேள்விய கவனிக்கல, ஏங் கையத்தான் கவனிச்சிருக்க. அதுக்கா மார்க்கு?"

மண்டபமே சிரித்தது. ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு கூட்டமும் தனித்தனியாக உட்கார்ந்தது. எங்கள் கோவிலில் தெருவாரியாக வீடுகளைச் சேர்த்து அன்பியம் என்று பிரித்திருப்பார்கள். வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள்; வருஷத்துக்கு ஒரு தடவை வேதத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று போட்டி வைப்பார்கள். அன்பு என்று பெயரிலேயே வைத்துக்கொண்டு இப்படியா என்று ஃபாதருக்கு வருத்தம்.

அதனால் அடுத்த வருஷம் போட்டிக்கு முன்னாலேயே அவர் என்னைப் பிடித்துவிட்டார். ஞாயிறு பூசை முடிந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்க வீட்ல ஒயரும் பெட்டியுமா என்னமோ செய்வீங்களாமே? நாலு டீமுக்கு நாலு பொத்தான். யார் மொதல்ல அமுக்குறாங்களோ அவங்க லைட்டு மட்டும் எரியணும். மத்தது எரியக் கூடாது. ஆகுமா?"

"ஆகும் ஃபாதர்."

"ஷாக் கீக் அடிக்காதுல்ல?"

"பேட்டரியில ஓடும் ஃபாதர். கரண்டு போனாலும் ஓடும்."

"அப்ப சரி." போகத் திரும்பியவர் நின்றார். "உங்க வீட்டம்மாவையும் இந்த வருஷம் டீம்ல சேத்திருக்கு. பொம்பளைங்க போய்க் கேட்டாங்களாம். மாட்டேன்னு சொல்லலையாம்."

மாட்டேன் என்று சொல்லவில்லை என்றால் சரி என்று சொன்னதாக ஆகாது. அவள் அப்போது எதற்குமே எதுவும் சொல்வதில்லை.

நான் படித்துப் பட்டம் வாங்கிய வித்தைக்காரன் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் இரும்புக் கடையில் பில் போடுகிறவன். ஆணி, கீல், தாழ்ப்பாள், கம்பி வலை. ரேடியோ ஒன்று பேசாமல் போனபோது, பேச வைத்துத்தான் பார்ப்போமே என்று திறந்தேன். அது பேசவில்லை, ஆனால் நான் மாட்டிக்கொண்டேன். பிறகு மாதப் பத்திரிகைகளில் வரும் படங்களைப் பார்த்து, தப்பாக வைத்து, புகை வந்து, மாற்றி வைத்து, அப்படித்தான் கற்றது. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் கத்தும் பெட்டி ஒன்று செய்தேன். எங்கள் நாகல் நகர் வீட்டுக்கு முனிசிபாலிட்டித் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வருகிற அன்றைக்கு ஒரு சொட்டு வழிந்தாலும் தெருவே ஏசும். அந்தப் பெட்டி கத்தினால் எதிர் வீட்டு மனிதர், "ஏலே, ஒன் பெட்டி நிறைமாசக்காரி மாதிரி கத்துது, போய்ப் பாரு" என்பார். இப்படி ஆட்கள் சொல்வதைக் கேட்டு வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பகலில் கடையில் கேட்டதை ராத்திரி சோற்றுக்கு முன்னால் அவளிடம் அதே குரலில் சொல்லிக் காட்டுவேன். சிரிப்பாள். சிரிப்பில் புரை ஏறும். அப்படி ஒரு வீடுதான் எங்களுடையது.

அந்த வருஷம் சித்திரையில் எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. கல்யாணமாகி வெகு வருஷம் கழித்துப் பிறந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வராமலே போய்விட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. எழுதக் கூடாது என்பதற்காக இல்லை. உள்ளே தேடிப் பார்த்தாலும் வேறு எதுவும் கிடைக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு மருந்து போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாரோ ஒருவர் கன்னத்தைத் தொட்ட மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருந்தது.

வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆண்டவர் தனக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார் என்று ஒருவர். இன்னும் வயசா போச்சு என்று ஒருவர். எனக்கு எதுவும் காதில் நிற்கவில்லை. பால்காரர் ஒருவர்தான் வாசலில் நின்று, கேனைக் கீழே வைக்காமல், "அண்ணே, மதினிக்காக ஊத்துன அர லிட்டர இனி ஊத்தவா, நிறுத்தவா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடிந்த கேள்வி அது ஒன்றுதான். "நிறுத்திருங்க" என்றேன். அவர் கேனை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்.

அவள் முன்பு ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தியவள். வேதத்தில் எந்த அதிகாரத்தைக் கேட்டாலும் புத்தகத்தைத் திறக்காமல் சொல்வாள். பிறகு அதை விட்டுவிட்டாள். கோவிலுக்கு வந்தாள். எல்லாரும் எழுந்தால் எழுந்தாள், உட்கார்ந்தால் உட்கார்ந்தாள். வாய் திறந்து பாடுவதில்லை. வீட்டில் உப்பு, தண்ணீர், சாவி. இந்த மூன்றுக்குள் எங்கள் பேச்சு அடங்கிவிட்டது. நானும் கடையில் கேட்டதையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டு வந்து, வாசற்படியிலேயே விழுங்கிவிட்டு உள்ளே போவேன்.

போட்டியில் யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுதான். அந்த மூன்று வார்த்தைகளைத் தவிர வேறு ஏதாவது அவள் வாயில் இருந்து வர வேண்டும். கேட்டால்தானே பதில் வரும். அங்கே யாராவது கேட்பார்கள்.

பெட்டி செய்வது கஷ்டமாக இல்லை. ஒரு விளக்கு எரிந்தவுடன் மற்ற மூன்றுக்கும் வழி அடைபட வேண்டும், கேள்வி முடிந்ததும் நான் ஒரு பொத்தானை அமுக்கி எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். அதற்கான படம் என்னிடம் இருந்தது. பழைய ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றும் இருந்தது. கஷ்டமெல்லாம் பொத்தானில்தான். செய்கிறவன் பெட்டிக்குள் என்ன வேண்டுமானாலும் வைக்கலாம், வருகிறவர்கள் தொடப் போவது பொத்தானைத்தான்.

கடைவீதிச் சந்தில் ரேடியோ, டிவி சாமான் விற்கும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். போய்ச் சொன்னேன்.

"வா மாப்ள. பொத்தானா? எதுக்கு?"

"வேதப் போட்டிக்கு பாய். யார் மொதல்ல அமுக்குறாங்கன்னு பாக்க."

"சாமிய யாரு மொதல்ல கூப்புடுறாங்கன்னா? நல்ல போட்டிதான்." ஒரு பிளாஸ்டிக் தட்டைத் தூக்கி முன்னால் வைத்தார். சட்டைப் பித்தான் மாதிரியும் மூக்குத்தி மாதிரியும் பொத்தான்கள் சிவப்பும் கறுப்புமாகக் கிடந்தன. "பாத்து எடு. இது வீட்டு வாசல்ல காலிங் பெல்லுக்கு வைக்கிறது. இது ஒரு அமுக்குக்கு உள்ள போயி அங்கயே நின்னுக்கும், மறு அமுக்குக்குத்தான் வெளிய வரும்."

"அது வேணாம் பாய். விரல எடுத்ததும் அது வெளிய வரணும்."

"பூட்டு செய்யிற ஊர்ல இருந்துக்கிட்டு பூட்டிக்கிற பொத்தான் வேணாங்கிற. சரி, இது வீடியோ கேம் கடையில பயலுக போட்டு அடிப்பானுகள்ல, அது. எம்புட்டு அடிச்சாலும் தாங்கும். இந்தப் பொடிசு டிவி முன்னால சேனல் மாத்துறதுக்கு. நாலு கால் இருக்கும், போர்டுல ஒட்டணும். உன் கோவில் ஆளுங்க விரலுக்கு இது கண்ணுக்கே தெரியாது."

எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டேன். "செத்த நேரம் இரு, டீ சொல்றேன்" என்றார். வேண்டாம் என்றேன். பாய்க்கு என் வீட்டு விஷயம் தெரியும். அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காகப் பொத்தான்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார் என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வீட்டில் அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், மத்தியான வெஞ்சனத்துக்கு. மரப்பலகை ஒன்றில் நான்கையும் வரிசையாகப் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன விளக்கை இணைத்து, பலகையைத் தரையில் அவள் முன்னால் வைத்தேன். டீமில் இருப்பவள் விரல்தானே தொடப் போகிறது.

"அமுக்கு."

நறுக்குவதை நிறுத்தி, ஈரக்கையைச் சேலையில் துடைத்து, காலிங் பெல் பொத்தானை அமுக்கினாள். அது மெத்தென்று உள்ளே போகும். போகிற வழியில் எங்கோ ஓர் இடத்தில் தகடும் தகடும் தொட்டு விளக்கு எரியும். எந்த இடம் என்று விரலுக்குத் தெரியாது. விளக்கைப் பார்த்தால்தான் உண்டு. போட்டியில் விளக்கு இருப்பது என் பெட்டியில், மேசையில் இல்லை.

அவள் தலையை ஆட்டினாள். "எங்க பட்டுச்சுன்னு தெரியல."

அடுத்தது உள்ளே போய் நின்றுகொள்வது. அதை வாங்கவே கூடாதுதான், பாய் தட்டில் பார்த்த ஆசையில் வாங்கினது. அமுக்கினாள். உள்ளே போனது. அவள் விரலை எடுத்துவிட்டு அது வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கை நீட்டி மறுபடி அமுக்கி வெளியே எடுத்துவிட்டேன்.

வீடியோ கேம் பொத்தான் பெரியது. அதற்குள் இருக்கும் சுருள்கம்பி முரடு. "முழுக் கையும் வேணும் இதுக்கு" என்றாள். நியாயம்தான். நம் பெண்கள் கூட்டத்தில் ஒரு பொருளை அடிக்க மாட்டார்கள், தொடுவார்கள். தொட்டால் எரிகிற மாதிரி இருக்க வேண்டும். ஆனால் சேலை பட்டும் புத்தகம் இடித்தும் எரியக் கூடாது.

கடைசியாக அந்தப் பொடிசு. சுண்டு விரல் நகம் அளவுக்குக்கூட இல்லை. அமுக்கினாள். "டிக்" என்றது. சத்தம் காதுக்குக் கேட்பதைவிட விரலுக்குத்தான் அதிகம் கேட்கும், அந்த ரகத்தில். உள்ளே வில் மாதிரி வளைந்த ஒரு தகடு இருக்கிறது. அமுக்கும்போது அது படக்கென்று குழிந்து மறுபடி நிமிரும். நடுவில் நிற்கவே நிற்காது. ஒன்று பட்டது, இல்லை படவில்லை.

அவள் மறுபடியும் அமுக்கினாள். நான் சொல்லாமலே. பிறகு இன்னொரு தடவை. அவரைக்காய் பாதியில் கிடந்தது. விளக்கை அவள் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது தெரியுது" என்றாள்.

"சின்னதா இருக்கே."

"மேல எதையாச்சும் வைங்க. அமுக்குனது தெரியணும், அம்புட்டுத்தான்."

உப்பு, தண்ணீர், சாவிக்கு வெளியே அவள் சொன்னது அது. சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பொய். கவனித்தேன். அவ்வளவுதான்.

மேலே வைப்பதற்கு ஊறுகாய் பாட்டில் மூடிகள் வாகாக இருந்தன. கடை பக்கத்து ஓட்டலில் காலி பாட்டில்கள் கேட்டால் கொடுப்பார்கள். டீமுக்கு ஒரு பலகை; அதில் மூடியின் ஒரு ஓரத்தைச் சைக்கிள் டியூப் துண்டால் கீல் மாதிரி ஒட்டினேன். மூடியின் நடுவில் உட்பக்கம் ஒரு ரப்பர்க் குமிழ். அது பொத்தானின் தலையில் உட்காரும். மூடியில் எங்கே தொட்டாலும் "டிக்". புத்தகம் இடித்தால் அசையாமல் இருக்க, சுற்றிலும் விரல் அகலத்துக்கு மரச்சட்டம் அடித்தேன். மூடியைக் கழுவிக் கழுவிப் பார்த்தும் எலுமிச்சை ஊறுகாய் வாசனை முழுக்கப் போகவில்லை.

போட்டி அன்று காலையில் பந்திக்குச் சமைக்கும் அடுப்பை மண்டபத்துக்குப் பின்னாலேயே மூட்டிவிட்டார்கள். நான்கு மேசை, மேசைக்கு மூன்று பேர். மேடை ஓரத்தில் நானும் என் பெட்டியும், அதன் நெற்றியில் நான்கு சிவப்பு விளக்குகளும். நீளநீளமாக ஒயர் இழுத்து தரையில் டேப் போட்டு ஒட்டியிருந்தேன்.

எங்கள் மேசையில் பொத்தானுக்கு முன்னால் யார் உட்காருவது என்று ஒரு பேச்சு நடந்தது.

"அண்ணே, ஷாக் அடிக்காதுல்ல?"

"அடிக்காதும்மா."

"எதுக்கும் மதினியே ஒக்காரட்டும். அவங்க புருஷன் செஞ்சது, அவங்கள அடிச்சா அது உங்க குடும்ப விசயம்."

அப்படி அவள் நடுவில் உட்கார்ந்தாள். ரயில்வே கேட் டீச்சர் அடுத்த மேசை. மூடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன சார், ஊறுகாயோட குடுத்தீங்க, தயிர் சோறு எங்க?" என்று என்னைக் கேட்டார். பக்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு மாதிரி ஒன்று முகத்தில் வந்தது.

முதல் சுற்றுகளில் எல்லாருக்கும் பொத்தானே விளையாட்டாக இருந்தது. ஒருவர் வீட்டு வாசலில் நின்று பெல் அடிப்பது மாதிரி விடாமல் அமுக்கினார். "அண்ணே, உள்ள ஆள் இருக்கு, வந்துருவாங்க" என்று கூட்டத்தில் ஒரு குரல். இன்னொரு மேசையில் ஒருவர் பொத்தானை அமுக்கிவிட்டுக் கையையும் தூக்கினார், போன வருஷப் பழக்கம். சண்டை வரவில்லை. விளக்கு எரிந்தது, எரிந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

எங்கள் மேசையில் அவள் அமுக்கினாள், பக்கத்தில் இருந்த பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள், அந்தப் பெண் எழுந்து மைக்கில் பதில் சொன்னாள். நன்றாகவே நடந்தது. எனக்குத்தான் அது போதவில்லை. அவள் குரல் மேடை வரைக்கும் வரவில்லை.

கடைசிச் சுற்றுக்கு ஃபாதரே வந்தார். டீச்சர் டீமும் எங்கள் டீமும் சமமாக இருந்தன. சின்னாளபட்டிப் பக்கம் இருந்து டவுன் பஸ்ஸில் வந்த டீம் ஒன்று அவற்றுக்குக் கொஞ்சம் பின்னால்.

"இந்தச் சுத்துல யார் அமுக்குறாங்களோ அவங்களேதான் பதில் சொல்லணும். காதுல குசுகுசுக்கக் கூடாது" என்றார் ஃபாதர். அவள் பக்கத்துப் பெண், "போச்சு" என்றாள். அது மைக்கில் விழுந்தது. நான் பெட்டியின் விளக்குகளை அணைத்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். விரல் மூடியின் மேல் இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை.

பின்னால் அண்டாவைத் திறந்துவிட்டார்கள். சாம்பார் வாசனை மண்டபத்துக்குள் வந்தது. ஃபாதருக்கும் பசி இருந்திருக்கும். கேள்வி ஒரு நற்செய்திப் பகுதியில் இருந்து. வருஷக்கணக்காகப் பூசையில் சொல்லிச் சொல்லி வாயில் பழகிப்போனது. அவர் கையில் காகிதத்தை எடுத்ததும் பீடத்தில் சொல்கிற அதே ராகத்தில், "நற்செய்தியிலிருந்து வாசகம்" என்று இழுத்துவிட்டார்.

அது காதில் விழுந்தால் எங்கள் ஆட்கள் யாரும் யோசிக்க மாட்டார்கள். கால் தானாக எழும். நாற்காலிகள் கிரீச்சிட்டன. மண்டபம் முழுக்க எழுந்து நின்று, கோவிலில் செய்கிற மாதிரியே, பெருவிரலால் நெற்றியில் ஒரு சின்னச் சிலுவை, உதட்டில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. மூன்று மேசைகளிலும் பொத்தானின் மேல் இருந்த கைகள் நெற்றிக்குப் போய்விட்டன. ஃபாதரோ தான் சொன்னது என்ன என்று கவனிக்காமல், அதே மூச்சில் கேள்வியையும் கேட்டுவிட்டார்: "குட்டையா இருந்ததால மரத்துல ஏறி ஆண்டவரப் பாத்தாரே ஒருத்தர், அது எந்த ஊர்ல?"

என் பெட்டியில் இரண்டாவது விளக்கு எரிந்தது.

எங்கள் மேசை. அவளும் எழுந்துதான் நின்றாள். அவள் கை மட்டும் போகவில்லை. மூடியின் மேலேயே இருந்தது.

டீச்சருடைய பெருவிரல் இன்னும் நெஞ்சில் இருந்தது. அப்படியே பேசினார். "ஃபாதர், இது எப்படிச் சரி? நாங்கெல்லாம் சிலுவை போட்டுக்கிட்டு நின்னோம். கை நெத்தியில இருக்கையில பொத்தான எங்கிட்டுப் போயி அமுக்குறது?"

எங்கள் ஆள் ஒருவர் பின்னால் இருந்து, "அப்ப எங்க மேசையிலயும்தான போட்டாங்க?" என்றார்.

"எங்க போட்டாங்க? நான் பக்கத்துல தான நிக்கிறேன். போடல, அதான் முந்துனாங்க. நற்செய்திக்குச் சிலுவை போடாதவங்களுக்கு வேதப் போட்டியில மார்க்கா?"

போட்டிச் சூட்டில் சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான் யாரைச் சொன்னோம் என்பது டீச்சருக்குத் தெரிந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டார். எல்லாரும் அவள் கையையே பார்த்தார்கள். ஆறேழு மாதமாக எல்லாருக்கும் முன்னால் நடந்துகொண்டிருந்த ஒன்றை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள். பூசையில் எல்லாரும் தங்கள் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள், அடுத்தவர் கையை யார் பார்ப்பது.

"எல்லாரும் உக்காருங்க" என்றார் ஃபாதர். உட்கார்ந்தார்கள். பிறகு அவளிடம், "பதில் சொல்லுங்கம்மா" என்றார்.

பக்கத்துப் பெண் மைக்கை அவள் கையில் கொடுத்தாள். அவள் அதை வாய்க்குக் கிட்டே கொண்டு போகவில்லை. அப்படியும் கேட்டது.

"கை வரல ஃபாதர்."

ஃபாதர் கையில் இருந்த காகிதத்தைக் கீழே இறக்கினார். அவள் தொடர்ந்தாள்.

"கோவில்லயும் வர்றதில்ல. வேணும்னு பண்ணல. நீங்க வாசிக்கிறது காதுல விழுது. எல்லாம் தெரியுது. கைதான் மேல வர மாட்டேங்குது." மைக்கைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுக்கப் போனவள் மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஊரு எரிக்கோ."

உட்கார்ந்தாள்.

ஃபாதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "பதில் சரி. டீச்சர் சொல்றதும் சரி. தப்பு எம் மேலதான், பழக்கத்துல சொல்லிட்டேன். இந்தக் கேள்விய விட்ருவோம்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் மேசையும் டீச்சர் மேசையும் பொத்தான் பக்கமே போகவில்லை. மிச்சக் கேள்விகளைச் சின்னாளபட்டிப் பக்கத்து டீம் தன்பாட்டுக்கு அமுக்கி அமுக்கிப் பதில் சொல்லிக் கோப்பையை வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டது.

நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். டீச்சர் இரண்டு தட்டில் சோறு வாங்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

"ஏ புள்ள, வாய் தவறிப்போச்சு."

"இருக்கட்டும் டீச்சர்."

"என் வாய் இப்படித்தான். எங்க வீட்டுக்காரரக் கேளு, கத கதயாச் சொல்வாரு."

"சாப்புடுங்க, ஆறுது."

டீச்சர் சாப்பிட்டார். அவளும் சாப்பிட்டாள். டீச்சர் தட்டில் மட்டும் ஓர் அப்பளம் விழுந்திருந்தது. டீச்சர் அதை உடைத்துப் பாதியை அவள் தட்டில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ என்னிடம் வந்து, "அருமையா செஞ்சிருக்கீங்க சார், டிக்கு டிக்குன்னு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது ஆட்டோ பிடித்தோம். பெட்டியும் பேட்டரியும் எங்கள் இருவருக்கும் நடுவில். பலகைகளை நான் மடியில் வைத்திருந்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஏதாவது பேச வேண்டும். பேச்சுக்காரன் நான். டீச்சர் தயிர் சோறு கேட்டதைச் சொல்லலாம், பெல் அடித்தவரைச் சொல்லலாம். அவள்தான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாளே. கோவிலில் அவள் கை வராமல் இருந்ததை நான் கவனித்ததே இல்லை என்பதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"நீங்களும்தான் போடல."

"என்னத்த?"

"சிலுவை."

"நான் லைட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"லைட்டு எரியிறதுக்கு முன்னால. எல்லாரும் எந்திரிச்சப்ப நீங்களும் எந்திரிச்சீங்க. ரெண்டு கையும் சும்மாதான் தொங்குச்சு. எனக்கு நேர் எதிர்க்க."

நான் என் கைகளைப் பார்த்தேன். பலகைகளின் மேல் இருந்தன. மத்தியானம் அவை எங்கே இருந்தன என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. போன ஞாயிறு எங்கே இருந்தன என்று யோசித்தேன், அதுவும் தெரியவில்லை. நெற்றியில் பெருவிரல் பட்ட ஞாபகத்தைத் தேடினேன். பட்டிருக்கலாம், படாமலும் இருந்திருக்கலாம்.

"எம்புட்டு நாளா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. காய்ச்சல்காரனிடம் எப்போதிருந்து என்று கேட்பார்களே, அந்த மாதிரி.

"தெரியல."

"ம்" என்றாள்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "அண்ணே, இங்கன எங்கிட்டுத் திரும்பணும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்குப் போகிற வழிதான். அது உடனே வரவில்லை.

"தண்ணித் தொட்டி தாண்டி எடது பக்கம்" என்று அவள் சொன்னாள். "மெதுவாப் போங்க, பெட்டி ஆடுது." சொல்லிவிட்டு ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். நானும் என் பக்கம் பிடித்துக்கொண்டேன்.